பிரித்து எழுதுக

கட்டபெட்டுக்கு முந்தைய வளைவில்
காருக்கு இடது கண் அவிந்தது.
மாலை ஐந்தரைதான்.
மஞ்சு இறங்கித் தேயிலைச் சரிவை
வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு பல்ப். நூற்றெண்பது ரூபாய்.
ஜோகியின் ஷெட்டில் இருந்தது.
பானெட்டுக்குள் தலையை விட்டார்,
முழங்கைவரை கையை விட்டார்,
வெளியே எடுத்துப் புறங்கையின் கீறலைப் பார்த்தார்.
"பம்பரைக் கழட்டணும் மேடம்."
"ஒரு பல்புக்கா?"
"ஒரு பல்புக்குத்தான்."

கேட்டேனே தவிர எனக்குத் தெரியும்.
அந்தப் பம்பரைப் பிடித்திருக்கும் பதினோரு கிளிப்பும்
என் மேசையில் பிறந்தவை.
நாற்பது நியூட்டனில் உள்ளே போகும்,
கட்டைவிரலுக்கு வலிக்காத அளவு.
போய் உட்கார்ந்ததும் 'டக்' என்று சொல்லும்.
அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் உழைத்தேன்.
ஒரகடத்தில் லைனில் நிற்கும் பெண்ணுக்கு
காருக்கு ஒன்பது நொடி மிச்சம்.
ஒன்பது நொடிக்கு கேக் வெட்டினார்கள்.

பள்ளித் தேர்வில் ஒரு கேள்வி வரும்: சேர்த்து எழுதுக.
அதன் கீழேயே: பிரித்து எழுதுக.
மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர்,
நடுவில் ஒரு மகரமெய் கெடும்.
கெட்டது எங்கும் போய்விடாது.
பிரிக்கும்போது வந்து
தலையில் புள்ளியோடு
தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

நான் முதல் கேள்வியோடு
தாளைக் கொடுத்துவிட்டு வந்தவள்.

ஜோகி பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து
ஸ்க்ரூ டிரைவர் நுனியில் சுற்றினார்,
பெயின்ட் கீறக்கூடாதாம்.
நெம்பினார். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது.
மூன்றாவது ஒடிந்தபோது
டக்.
அதே ஓசை.
ஏழு உயிரோடு வந்தன,
நான்கு கழுத்து முறிந்து.

அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய
ஒடிந்த கிளிப்புகள், எல்லாக் கம்பெனியும்.
"இதெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?"
"நான் வேணும்னு ஒடைக்கலைன்னு
கஸ்டமர் நம்பணுமில்ல?"

டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:
"இத வரைஞ்ச ஆளு
ஒருவாட்டியாச்சும் கழட்டிப் பாத்திருப்பானா?"
அந்த ஆண்பால் விகுதிக்குள் ஒளிந்துகொண்டு
"தெரியலையே" என்றேன்.

நான்கு இடத்தில் கறுப்பு டை இழுத்துக் கட்டினார்.
கோத்தகிரி வரை
வளைவுக்கு வளைவு பம்பர் முணுமுணுத்தது.

திரும்பிப் போய் வரைந்தேன்.
கொக்கியின் பின்தோளிலும் ஒரு சரிவு,
பக்கத்தில் நுனி நுழைய நாலு மில்லிமீட்டர் பள்ளம்.
அச்சு மாற்ற ஒரு தொகை சொன்னார்கள்,
அடுத்த மாடலில் பார்க்கலாம் என்றார்கள்.
"யார் கழற்றப்போகிறார்கள்?" என்றார் பர்ச்சேஸ் நல்லசிவம்.
"ஜோகி" என்றேன்.
"எந்த டிபார்ட்மென்ட்?"

என் காசில் இருபது மாதிரி செய்து
கட்டபெட்டுக்குக் கூரியர் அனுப்பினேன்.
வரைந்தவள் நான்தான் என்று உள்ளே ஒரு துண்டுச் சீட்டு.
பதினைந்து நாள் சத்தமில்லை.
ஜனவரியில் ஒரு வாய்ஸ் மெசேஜ், பின்னால் பஸ் ஹாரன்:
"மத்தியானத்துல நல்லா வருது மேடம்,
வெரல்லயே வருது.
காலைல ஆறு மணிக்கு, புல்லு மேல
உறைபனி கெடக்கறப்போ ஒடையுது."
சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் சோதனைக்கூடத்தில் எப்போதும்
இருபத்து மூன்று டிகிரி.
அங்கே யாருடைய மூச்சும் புகைந்ததில்லை.

இன்றிரவு ஃப்ரிட்ஜில்
இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே
ஒரு டப்பாவில் பதினோரு கிளிப்.
மூடிமேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
சமையலுக்கு அல்ல.
ஆறு மணிக்கு அலாரம்.